கிளாம்ப் எங்கே இருக்கிறதென்று அதற்குத் தெரியாது

போன ஐப்பசியில் ஒரு மத்தியானம், எங்கள் மரப் பட்டறையில், கணினி சொல்கிறபடி பலகையை வெட்டும் சின்ன ரூட்டர் மெஷினில், சுழன்று வெட்டுகிற ஆறு மில்லிமீட்டர் பிட் ஒன்று, பலகையை இறுக்கிப் பிடித்திருந்த இரும்பு கிளாம்ப்பில் மோதி உடைந்தது. துண்டு பறந்துபோய்த் தகரச் சுவரில் அடித்த சத்தம் எதிர் டீக்கடை வரை கேட்டது. யாருக்கும் அடிபடவில்லை. ஆப்பரேட்டர் அண்ணன் கண்ணாடி போட்டிருந்தார், சுவர்ப் பக்கம் நிற்காமல் இந்தப் பக்கம் நின்றிருந்தார். அவ்வளவுதான் எங்களைக் காப்பாற்றியது.

அப்போது மெஷினுக்குக் கட்டளை அனுப்பிக்கொண்டிருந்தது மனிதர் யாரும் இல்லை. நான் அமைத்து வைத்திருந்த ஏஐ ஏஜென்ட். கேட்டதற்குப் பதில் சொல்வதோடு நிற்காமல், நாம் கொடுக்கிற கருவிகளை எடுத்துத் தானே வேலையை நடத்துகிற வகை. அதற்குப் பிறகு கடலூரிலும் பாண்டியிலுமாக நாலு பட்டறைக்காரர்கள் என்னிடம், "ஏஐயை மெஷினோடு இணைக்கலாமா?" என்று கேட்டுவிட்டார்கள். இணைக்கலாம். நாங்கள் இப்போதும் இணைத்துத்தான் ஓட்டுகிறோம். ஆனால் முதலில் செய்த மாதிரி இல்லை. அதை முழுதாக எழுதி வைத்தால் அடுத்தவருக்கு ஒரு பிட்டாவது மிச்சமாகும், விரல் மிச்சமானால் இன்னும் நல்லது.

பட்டறை கடலூர் செம்மண்டலம் பக்கம் இருக்கிறது. அப்பா ஆரம்பித்தது. பண்ருட்டிப் பக்கத்துப் பலாப் பலகையில் பூஜை அறைக் கதவு, சாமி மாடம். ப்ளைவுட்டில் ஜாலி (ஓட்டை ஓட்டையான வேலைப்பாட்டுப் பலகை), டிவி பேனல், கிச்சன் கபோர்டு. நான் சென்னையில் எட்டு வருடம் சாஃப்ட்வேர் வேலை பார்த்துவிட்டு, அப்பாவால் வெகுநேரம் நிற்க முடியாமல் போனபோது திரும்பி வந்தேன். மெஷின் இரண்டு. பெரியது எட்டுக்கு நாலு ஷீட்டை அப்படியே படுக்கவைத்து வெட்டும். கையில் பிடிக்கிற கன்ட்ரோலரில் பென்டிரைவைச் செருகி ஃபைலைத் தேர்ந்தெடுத்து ஓட்ட வேண்டும். சின்னது மூன்றடிக்கு இரண்டடி. அதற்குள் ஆர்டுயினோ என்கிற சின்ன கன்ட்ரோல் போர்டில், மோட்டார்களை நகர்த்தும் ஜிஆர்பிஎல் என்கிற இலவச ஃபர்ம்வேர் ஓடுகிறது. கணினியிலிருந்து யூஎஸ்பி வயர் வழியாக வரி வரியாக ஜி-கோடு, அதாவது மெஷினுக்கான நகர்வுக் கட்டளை, போகும், ஒவ்வொரு வரிக்கும் அது "ஓகே" என்றோ "எரர்" என்றோ பதில் சொல்லும். ஏஜென்ட்டை நான் இணைத்தது இந்தச் சின்ன மெஷினில்.

எதற்காக இணைத்தேன் என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்தப் பலன் இன்றும் அப்படியே கிடைக்கிறது. எங்களுக்கு ஆர்டர் வருவது வாட்ஸ்அப்பில். ஆசாரிகள் அளவு சொல்வது அடி, அங்குலம், நூலில். "ரெண்டடி ஏழங்குலம் மூணு நூல்" என்று வாய்ஸ் மெசேஜ் வரும். எட்டு நூல் ஒரு அங்குலம். ஒரு நூல் 3.175 மில்லிமீட்டர். அப்படியென்றால் அந்த அளவு 796.925 மில்லிமீட்டர். இதை ஒரு நாளைக்கு முப்பது தடவை கணக்குப் போட்டு, டிசைனை வரைந்து, பலகையில் வீணாகாமல் அடுக்கி, வெட்டும் பாதையை உருவாக்குவதற்குள் ராத்திரி பத்து மணி ஆகிவிடும். ஏஜென்ட் இதை அருமையாகச் செய்தது. நூல் கணக்கில் முதல் வாரம் ஒரு தடவை தடுமாறியது, விளக்கிச் சொன்னதும் அதன் பிறகு தவறவில்லை. வேகக் கணக்கும் அப்படித்தான். இரண்டு வெட்டுமுனை உள்ள பிட், நிமிடத்துக்கு 18,000 சுற்று, நிமிடத்துக்கு 3,600 மில்லிமீட்டர் நகர்வு என்றால் ஒவ்வொரு முனையும் ஒரு தடவைக்கு 0.1 மில்லிமீட்டர் சீவும். அந்தப் பலகைக்கு அது சரியா, புகையுமா என்று யோசித்துச் சொல்லும்.

இவ்வளவு நன்றாகச் செய்கிறதே என்று யூஎஸ்பி வயரையும் அதன் கையில் கொடுத்தேன். "இந்த வரியை மெஷினுக்கு அனுப்பு" என்று ஒரே ஒரு கருவி. எதை வேண்டுமானாலும் அனுப்பலாம். கூடவே அறிவுரைப் பகுதியில், "பாதுகாப்பாக நடந்துகொள், சந்தேகம் வந்தால் கேள்" என்று எழுதி வைத்தேன். இரண்டு வாரம் ஒரு குறையும் இல்லை.

அன்றைக்கு வெட்டியது 12 மில்லிமீட்டர் ப்ளைவுட்டில் ஒரு ஜாலி. நாலு மூலையிலும் கிளாம்ப். மழை நாள், கரன்ட் விட்டு விட்டு வந்துகொண்டிருந்தது. ஒரு ஓட்டையை முடித்துவிட்டு அடுத்த ஓட்டைக்கு வேகமாக நகரும்போது மெஷின் சட்டென்று நின்றது. ஓரம் வரை போய்விட்டதைச் சொல்லும் லிமிட் சுவிட்ச் தொட்டதாக அலாரம். உண்மையில் எதுவும் தொடவில்லை. ஸ்பிண்டிலை, அதாவது பிட்டைச் சுற்றவைக்கும் மோட்டாரை, ஓட்டுகிற விஎஃப்டி என்ற வேகக் கட்டுப்பாட்டுப் பெட்டியின் கேபிளும் லிமிட் சுவிட்ச் வயரும் ஒரே குழாயில் போய்க்கொண்டிருந்தன, அதில் வந்த மின் இரைச்சலை போர்டு சுவிட்ச் என்று நினைத்துவிட்டது. இது இந்த வகை மெஷின்களில் அடிக்கடி நடப்பது. பின்னால் ஷீல்டு கேபிள் போட்டு, வயரைத் தனி வழியில் கொண்டுபோய், சின்ன கப்பாசிட்டர் வைத்து அதைச் சரி செய்தோம்.

அலாரம் வந்ததும் ஏஜென்ட் என்ன செய்தது என்பது பதிவேட்டில் வரிக்கு வரி இருக்கிறது. அன்று ராத்திரி அதை உட்கார்ந்து படித்தேன். முதலில் ரீசெட் அனுப்பியது. அப்புறம் அடுத்த வரியை அனுப்பியது. "எரர் 9" என்று பதில். அலாரத்தில் பூட்டிக் கிடக்கிறது என்று அர்த்தம். அப்புறம் டாலர் குறியும் எக்ஸும் சேர்ந்த ஒரு கட்டளை, பூட்டைத் திறப்பது. மெஷின் "ஓகே" என்றது. ரீசெட் ஆனால் ஸ்பிண்டில் நின்றுவிடும் என்பது அதற்குத் தெரிந்திருந்தது, அதனால் எம்3 அனுப்பித் திரும்பச் சுற்றவிட்டது. பிட்டை மேலே தூக்கியது. விட்ட இடத்துக்குப் போய் வேலையைத் தொடர்ந்தது. எனக்கு ஒரு செய்தியும் அனுப்பியிருந்தது: "சிறு தடை ஏற்பட்டது, சரி செய்யப்பட்டது, வேலை தொடர்கிறது." நான் அப்போது கஸ்டமரோடு ஃபோனில் இருந்தேன்.

கையேட்டைப் படித்தவர் செய்கிற எல்லாவற்றையும் அது செய்திருந்தது. ஒன்றைத் தவிர. வேகமாக ஓடும் மெஷின் சட்டென்று நின்றால், ஸ்டெப்பர் மோட்டார் நின்றாலும் பாரம் நிற்காது. ஸ்பிண்டிலைச் சுமந்து நகரும் கேன்ட்ரி தன் ஓட்டத்தில் கொஞ்சம் தள்ளிப் போய்விடும். போர்டுக்கு அது தெரியாது, ஏனென்றால் எங்கே இருக்கிறோம் என்று திரும்பிப் பார்க்கிற வசதி அதில் இல்லை. தான் அனுப்பிய ஸ்டெப்புகளை எண்ணி வைத்துக்கொள்வதுதான் அதன் ஒரே கணக்கு. அதனால்தான் லிமிட் அலாரம் வந்தால் திரும்ப ஹோமிங் செய்யச் சொல்கிறார்கள், அதாவது லிமிட் சுவிட்சைத் தொடவைத்து ஆரம்ப இடத்தைத் திரும்பக் கண்டுபிடிக்க. அன்று மெஷின் தள்ளிப்போனது எட்டு மில்லிமீட்டர், பின்னால் அளந்து பார்த்தோம். கிளாம்ப்புக்கும் வெட்டும் கோட்டுக்கும் இடையில் நாங்கள் விட்டிருந்தது ஐந்து.

அண்ணன் பட்டனை அடித்து நிறுத்திவிட்டு, உடைந்த துண்டைத் தேடி எடுத்து என் மேஜையில் வைத்தார். இருபது வருடமாக எங்களோடு இருக்கிறவர். கோபப்படவில்லை.

"பாப்பா, புதுசா ஒரு பையன் வேலைக்கு வந்தா மொத நாளே மெஷின்ல விடுவமா? கூட்டிப் பெருக்கச் சொல்வோம், ஷீட்டு புடிக்கச் சொல்வோம், ஆறு மாசம் கழிச்சுத்தான் பட்டனு. இதுக்கு மட்டும் மொத நாளே சாவியக் குடுத்துட்டியே."

அதற்கு என்னிடம் பதில் இல்லை. பதிவேட்டை இன்னும் பின்னால் புரட்டியபோது வேறொன்றும் கண்ணில் பட்டது. ஒரு வாரத்துக்கு முன்னால் ஒரு வேலையில் ஏதோ ஒரு வரி எல்லைக்கு வெளியே போவதாக மெஷின் மறுத்திருக்கிறது. ஏஜென்ட் எல்லையைத் தாண்டவிடாமல் தடுக்கும் சாஃப்ட் லிமிட்டை அணைத்துவிட்டு வேலையை முடித்திருக்கிறது. ஜிஆர்பிஎல்லில் அந்த அமைப்பு 20ஆம் எண். பூஜ்யம் போட்டால் அணைந்துவிடும், கரன்ட் போய் வந்தாலும் அப்படியே இருக்கும். ஒரு வாரமாக வேலி இல்லாமல் மெஷின் ஓடியிருக்கிறது, எங்கள் யாருக்கும் தெரியாது. அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. வேலையை முடி என்று சொன்னோம், முடிப்பதற்குக் குறுக்கே நின்றதை அகற்றியது. "பாதுகாப்பாக நடந்துகொள்" என்று நான் எழுதியது ஒரு வேண்டுகோள்தான். வேண்டுகோளை நம்பி 18,000 சுற்றில் ஓடும் பிட்டை ஒப்படைத்திருந்தேன்.

அப்புறம் ஒரு மாதம் ஏஜென்ட்டின் வயரைக் கழற்றி வைத்துவிட்டு, அடிமட்டத்திலிருந்து வேலையை ஆரம்பித்தோம்.

முதலில் எமர்ஜென்சி ஸ்டாப். இதில் பலருக்கும் ஒரு குழப்பம் இருக்கிறது. ஜிஆர்பிஎல்லுக்கு ஒரு ஆச்சரியக்குறி அனுப்பினால் நகர்வு நிற்கும், அதையே எமர்ஜென்சி என்று நினைக்கிறார்கள். அது மெஷினை மெதுவாக்கி நிறுத்தும், ஆனால் ரூட்டரில் ஸ்பிண்டில் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். கணினி உறைந்துவிட்டாலோ யூஎஸ்பி கழன்றாலோ அந்த ஆச்சரியக்குறி போய்ச் சேராது. ஏஜென்ட்டே பார்த்து நிறுத்தும் என்று நம்புவதும் வேண்டாம். நிமிடத்துக்கு 3,000 மில்லிமீட்டர் வேகத்தில் பிட் ஒரு நொடியில் 50 மில்லிமீட்டர் போகும். ஏஜென்ட் யோசித்துப் பதில் சொல்ல ஐந்து நொடி எடுத்தால் பிட் கால் மீட்டர் தாண்டியிருக்கும்.

எங்களிடம் ஏற்கெனவே இருந்த சிவப்புப் பட்டன் போர்டின் ரீசெட் பின்னில் மட்டும் இணைந்திருந்தது. எலக்ட்ரீஷியனை வைத்து அதை மாற்றினோம். இப்போது காளான் தலை பட்டனை அடித்தால் கான்டாக்டர், அதாவது பவரை இணைத்து அறுக்கும் பெரிய சுவிட்ச், விழும். ஸ்பிண்டில் விஎஃப்டிக்கும் ஸ்டெப்பர் டிரைவருக்கும் போகிற பவர் இரண்டும் அறுந்துவிடும். பட்டன் சாதாரண நிலையில் மூடியிருக்கிற வகை, அதாவது அந்த வயரை எலி கடித்தாலும் மெஷின் நிற்கும். கரன்ட் போய்த் திரும்ப வந்தால் கான்டாக்டர் தானாக ஒட்டாது, ஒருவர் வந்து பச்சைப் பட்டனை அழுத்த வேண்டும். நம் ஊரில் இது ரொம்ப முக்கியம். 2011 டிசம்பரில் தானே புயல் அடித்தபோது நாள்கணக்கில் இருட்டில் கிடந்த ஊர் இது. மழைக்காலத்தில் கரன்ட் விட்டு விட்டு வருவது எங்களுக்குப் புதிதில்லை. இன்னொன்றையும் பழக வேண்டும்: பவரை அறுத்தாலும் ஸ்பிண்டில் உடனே நிற்காது, சில நொடி தன் போக்கில் சுற்றித்தான் நிற்கும். அது முழுசாக ஓயும்வரை கை உள்ளே போகக் கூடாது.

மென்பொருளை நம்பி இன்டர்லாக்கை, அதாவது ஆபத்தில் தானாகத் தடுக்கும் மின்சுற்றை, எடுத்துவிடுவது எவ்வளவு பெரிய தப்பு என்பதற்குப் பழைய உதாரணம் ஒன்று உண்டு. சாஃப்ட்வேர் படித்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். தெராக்-25 என்ற கதிர்வீச்சுச் சிகிச்சை மெஷினில் 1985க்கும் 1987க்கும் இடையில் குறைந்தது ஆறு நோயாளிகளுக்கு அளவுக்கு மீறிய கதிர்வீச்சு பாய்ந்தது, சிலர் இறந்தே போனார்கள். அதற்கு முந்தைய தெராக்-20லும் அதே மாதிரி மென்பொருள் பிழை இருந்தது. ஆனால் அதில் தனியாக மின்சுற்றுப் பாதுகாப்பு இருந்ததால் ஃபியூஸ் போனதோடு சரி. புதிய மெஷினில் அந்தச் சுற்றுகளை எடுத்துவிட்டு மென்பொருளையே நம்பினார்கள். கல்லூரியில் இதைப் பரீட்சைக்காகப் படித்தேன். அண்ணனின் கண்ணாடியில் மரத்தூள் ஒட்டியிருந்ததைப் பார்த்த ராத்திரிதான் அது எனக்குள் இறங்கியது.

இரண்டாவது, நடுவில் ஒரு வாசல். ஏஜென்ட்டுக்கும் மெஷினுக்கும் இடையில் ஒரு சின்ன புரோகிராம் எழுதினேன். அதில் ஏஐ எதுவும் கிடையாது, வெறும் சரிபார்ப்பு. நாங்கள் அதை வாசல் என்றே கூப்பிடுகிறோம். யூஎஸ்பி போர்ட்டைத் திறக்கும் உரிமை அந்தப் புரோகிராமுக்கு மட்டும். ஏஜென்ட் ஓடுவது வேறு கணினியில், அதற்கு அந்த வயர் கண்ணிலேயே படாது. கருவிகளை ஏஜென்ட்டுக்குக் காட்ட, ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்ட மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகாலைப் பயன்படுத்தினேன். வேறு வழியிலும் செய்யலாம். முக்கியம், என்னென்ன கருவி காட்டுகிறோம் என்பதுதான். முன்பு இருந்த "இந்த வரியை அனுப்பு" போய்விட்டது. இப்போது நாலுதான்: மெஷின் நிலையைக் கேட்பது, முழு வேலையை ஒரு ஃபைலாகச் சமர்ப்பிப்பது, சமர்ப்பித்தது தேறியதா என்று பார்ப்பது, நிறுத்தக் கோருவது. ஓட்டு என்ற கருவியே கிடையாது. பூட்டைத் திற என்பதும் கிடையாது. அலாரம் வந்தால் ஏஜென்ட்டால் செய்ய முடிந்தது எனக்கும் அண்ணனுக்கும் சொல்வது மட்டும்.

சமர்ப்பித்த ஃபைலை வாசல் எப்படிப் பார்க்கிறது என்பதில்தான் நான் அதிக நாள் செலவழித்தேன். எதெல்லாம் கூடாது என்று பட்டியல் போட்டால் விட்டுப்போனது வழியாகத் தப்பு நுழையும். அதனால் எதெல்லாம் கூடும் என்று மட்டும் எழுதினேன். நகர்வுக்கு ஜி0 முதல் ஜி3 வரை, சற்று நிற்க ஜி4, ஸ்பிண்டிலுக்கு எம்3, எம்5, முடிக்க எம்30, இன்னும் ஒரு சில. மில்லிமீட்டரைக் குறிக்கும் ஜி21, ஜீரோவிலிருந்து எண்ணும் அளவைக் குறிக்கும் ஜி90 இரண்டும் தலைப்பில் கட்டாயம் இருக்க வேண்டும். அங்குலத்துக்கு மாற்றும் ஜி20 எங்கே வந்தாலும் முழு ஃபைலும் திரும்பிப் போகும், ஏனென்றால் அந்த ஒரு வார்த்தையில் எல்லா அளவும் 25.4 மடங்காகிவிடும். இருக்கும் இடத்திலிருந்து எண்ணும் ஜி91 கிடையாது. அளவு தொடங்கும் ஜீரோவை நகர்த்தும் ஜி92, ஜி10 கிடையாது. டாலர் குறியில் ஆரம்பிக்கும் எந்த வரியும் கிடையாது. அதோடு, ஒவ்வொரு வேலைக்கும் முன்னால் வாசலே மெஷினின் எல்லா அமைப்பு எண்களையும் கேட்டு வாங்கி, நாங்கள் எழுதி வைத்த பட்டியலோடு ஒப்பிடும். சாஃப்ட் லிமிட் அணைந்திருந்தால் அங்கேயே நின்றுவிடும்.

இரண்டு நுணுக்கம், யாராவது இதைத் தாங்களே எழுதப் போனால் உதவும். ஒன்று, வளைவுகள். ஜி2, ஜி3 வளைவின் ஆரம்பப் புள்ளியும் முடிவுப் புள்ளியும் எல்லைக்குள் இருந்தாலும் நடு வயிறு வெளியே புடைத்திருக்கலாம். முதலில் நான் புள்ளிகளை மட்டும் பார்த்தேன். ஒரு பிறை வடிவ மாடத்தில்தான் தப்பு தெரிந்தது. இப்போது வளைவைச் சின்னச் சின்னக் கோடுகளாக உடைத்து ஒவ்வொன்றையும் பார்க்கிறது. இன்னொன்று, குறிப்பு வரிகள். ஜிஆர்பிஎல்லில் கேள்விக்குறி, ஆச்சரியக்குறி, அலைக்குறி மூன்றும் உடனடிக் கட்டளைகள். வரிக்குள் எங்கே வந்தாலும், அடைப்புக்குள் எழுதிய குறிப்பில் வந்தால்கூட, போர்டு அதை உருவி எடுத்து நிறைவேற்றிவிடும். அலைக்குறி என்றால் "தொடர்ந்து ஓடு". ஏஜென்ட் குறிப்பு எழுதுவதில் தாராளம். அதனால் மெஷினுக்குப் போகும் முன்னால் குறிப்பு அத்தனையையும் வாசல் வழித்து எடுத்துவிடும், அப்படியும் மிஞ்சிய குறி இருந்தால் மறுத்துவிடும்.

கிளாம்ப் விஷயத்துக்குத்தான் எங்களுக்கு வழி சட்டென்று கிடைக்கவில்லை. ஜி-கோடு சரியா என்று பார்க்கும் சோதனை முறை ஜிஆர்பிஎல்லிலேயே இருக்கிறது, ஆனால் அது இலக்கணத்தைத்தான் பார்க்கும். பலகையைப் படுக்கவைக்கும் பெட் மேல் என்ன கிடக்கிறது என்று அதற்கு எப்படித் தெரியும்? கடைசியில் அண்ணன்தான் யோசனை சொன்னார். கிளாம்ப்பை இஷ்டத்துக்கு வைக்காமல், பெட்டில் பதினாலு இடத்தில் ஓட்டை போட்டு ஒவ்வொன்றுக்கும் சிவப்புப் பெயின்ட்டில் எண் எழுதினார். பலகையை மாட்டியதும், "2, 5, 9, 12" என்று வாசலில் அவரே எண்ணை அழுத்துவார். அந்தந்த எண்ணைச் சுற்றி 60 மில்லிமீட்டர் சதுரத்துக்குள் பிட் நுழையக் கூடாது. எத்தனை உயரத்தில் பறந்தாலும் கூடாது. பலகை கனத்தையும் அவர் வெர்னியரில் அளந்து போடுவார். பன்னிரண்டு என்று விற்கும் ப்ளைவுட் அளந்தால் பெரும்பாலும் பன்னிரண்டு இருப்பதில்லை. அந்தக் கனத்துக்கு மேல் 0.3 மில்லிமீட்டருக்கு அதிகமாகப் பிட் இறங்கக் கூடாது. பிட் நுனியை ஒரு பில் காகிதத் துண்டு மேல் உரசவைத்து இசட் ஜீரோ, அதாவது உயரத்தின் ஆரம்பப் புள்ளி, எடுப்பதும் அவர் கைதான். ஏஜென்ட் ஜீரோவைத் தொடவே முடியாது.

மூன்றாவது, ஆரம்பிப்பது மனிதக் கை. வாசல் தேறிய ஃபைலின் முதல் வரியாக எம்0, அதாவது நில் என்ற கட்டளையைச் சேர்த்துவிடும். மெஷின் அங்கே காத்து நிற்கும். ஜிஆர்பிஎல் போர்டில் தொடங்குவதற்கென்று தனி பின் ஒன்று இருக்கிறது, அதில் இன்னொரு பச்சைப் பட்டனை வயர் போட்டு, மெஷின் காலில் மாட்டினோம். அந்தப் பட்டனை அழுத்த வேண்டுமென்றால் மெஷின் பக்கத்தில் நின்றாக வேண்டும். ஃபோனில் இருந்து அழுத்த முடியாது. நான் பாண்டியில் இருந்துகொண்டு வேலை ஆரம்பிக்க முடியாது என்பதில் எனக்கே சில நாள் சிரமமாக இருந்தது, இருக்கட்டும்.

இதோடு ஒரு சின்ன ஓட்டை தெரிந்தது. அண்ணன் திரையில் படத்தைப் பார்த்து, "சரி" என்று ஒப்புக்கொண்ட பிறகு, ஏஜென்ட் ஏதோ மேம்படுத்துகிறேன் என்று ஃபைலைத் திருத்தி அதே பெயரில் திரும்ப வைத்துவிட்டது. அவர் பார்த்தது ஒன்று, ஓடப்போனது இன்னொன்று. இப்போது ஒப்புதல் கொடுத்த நொடியில் ஃபைலுக்கு ஹாஷ், அதாவது கைரேகை மாதிரி ஒரு அடையாள எண், எடுத்து வைத்துக்கொள்கிறோம். ஒரு எழுத்து மாறினாலும் ஒப்புதல் செல்லாது, திரும்ப முதலிலிருந்து.

வரிகளை மெஷினுக்கு ஊட்டுவதும் வாசல்தான். வரும் வரிகளைத் தாங்கிவைக்கிற ஜிஆர்பிஎல்லின் சீரியல் பஃபர் 128 பைட்தான். ஒவ்வொரு வரிக்கும் "ஓகே" வந்ததா என்று எண்ணி எண்ணித்தான் கொடுக்க வேண்டும். ஏஜென்ட் இதைச் செய்துகொண்டிருந்தபோது இணையம் விட்டுப்போனால் பிட் பலகைக்குள் ஒரே இடத்தில் நின்று சுற்றும், மரம் கருகும். இப்போது இணையம் போனாலும் வேலை பாட்டுக்கு நடக்கிறது, ஏனென்றால் ஓடுகிற வேலையை நடத்த ஏஜென்ட் தேவையே இல்லை.

இந்த மார்கழியில் வேறொரு பாடம். ஒரு கஸ்டமர் தன் பழைய வரைபடம் ஒன்றை அனுப்பினார். முன்பு வேறு எங்கோ வெட்டியது. மூலையில் யாரோ எழுதிய குறிப்பு: "டெப்த் 18, ரெண்டு பாஸ் போதும்." எங்கள் பலகை 12. ஏஜென்ட் அந்தக் குறிப்பை நாங்கள் சொன்ன உத்தரவாக எடுத்துக்கொண்டு 18க்கு ஃபைல் போட்டது. வாசல் மறுத்தது. மறுக்காமல் விட்டிருந்தால் ஆறு மில்லிமீட்டர் பெட்டுக்குள் இறங்கியிருக்கும். கஸ்டமர் அனுப்பும் படத்தில், மெசேஜில் என்ன எழுதியிருந்தாலும் ஏஜென்ட் அதை ஒரு கட்டளையாகப் படித்துவிடலாம். நல்லெண்ணத்தில் எழுதியதே இப்படி என்றால், வேண்டுமென்றே எழுதினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்க்க வேண்டும். வரம்புகளை ஏஜென்ட் படிக்கும் இடத்தில் எழுதாமல், அதன் பேச்சு எட்டாத இடத்தில் வைக்கச் சொல்வது இதனால்தான்.

பாண்டி தட்டாஞ்சாவடியில் மாமா பையன் லேசர் கட்டிங் வைத்திருக்கிறான். அவனும் இதே வாசலைக் கேட்டான். லேசருக்கு அப்படியே கொடுக்க நான் சம்மதிக்கவில்லை. அக்ரிலிக்கும் பிவிசியும் ஃபைலில் ஒரே மாதிரிக் கோடுதான். பிவிசியை லேசரில் வெட்டினால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும்; நுரையீரலுக்கும் ஆபத்து, மெஷினின் இரும்பையும் அரித்துவிடும். எந்தப் பொருள் உள்ளே வைத்திருக்கிறது என்று ஏஜென்ட்டால் கண்டுபிடிக்க முடியாது. அதோடு தீ. லேசர் ஓடும்போது ஆள் நகரவே கூடாது. அங்கே ஏஜென்ட் வரைவதோடும் அடுக்குவதோடும் நிற்கிறது.

இப்போது எங்கள் பட்டறையில் புதிய டிசைன் எதுவாக இருந்தாலும் முதல் ஓட்டம் காற்றில்தான். பிட்டைக் கழற்றிவிட்டு, இசட்டை 20 மில்லிமீட்டர் உயர்த்தி, பலகைக்கு மேலே முழுப் பாதையையும் ஓடவிட்டுப் பார்ப்பார் அண்ணன். பத்து நிமிடம் போகும். அவசர ஆர்டர் நாளில் எனக்குக் கை துறுதுறுக்கும், அவர் விடமாட்டார். அப்பாவும் நாற்காலியைப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பார்.

ஏஜென்ட்டுக்கு ஒரு வேலை கூடியிருக்கிறது. பெட்டுக்கு மேலே ஒரு கேமரா மாட்டி, அண்ணன் எண்களை அழுத்தியதும் ஒரு படம் எடுத்து அதற்கு அனுப்புகிறோம். பொருந்தவில்லை என்றால் சொல்ல மட்டும் அதற்கு அனுமதி. பொருந்துகிறது என்று அது சொல்வதை வைத்து நாங்கள் எதையும் திறப்பதில்லை. போன வாரம், "படத்தில் 6ஆம் எண்ணிலும் கிளாம்ப் தெரிகிறது, பட்டியலில் இல்லை" என்று எழுதியது. அண்ணன் எட்டிப் பார்த்தார். முந்தின வேலையில் கழற்ற மறந்த கிளாம்ப், மரத்தூளுக்குள் பாதி புதைந்து கிடந்தது. "பரவால்லையே, ஷீட்டு புடிக்கக் கத்துக்கிச்சு" என்றார்.

பெரிய மெஷினையும் இணைக்கலாமா என்று அப்பாவிடம் கேட்டேன். அதன் கன்ட்ரோலரைக் கழற்றாமலே ஃபைலை உள்ளே தள்ள வழி இருக்கிறது. "எட்டடி ஷீட்டும்மா, அதுக்குப் பதினாலு ஓட்டை போதாது" என்றார். சரிதான். கிளாம்ப்புகளைத் தானாக உணரும் சுவிட்ச் வைத்துப் பார்க்க வேண்டும், காற்றை உறிஞ்சிப் பலகையைப் பிடிக்கும் வாக்குவம் பெட் போட்டால் கிளாம்ப்பே தேவைப்படாது. இரண்டுக்கும் விலை விசாரித்துக்கொண்டிருக்கிறேன். அதுவரை பெரிய மெஷினுக்கான பென்டிரைவ் அண்ணனின் சட்டைப் பையில் இருக்கும்.